நட்சத்திரங்கள் தவறிய இரவில் வென்ற அணி: நியூயார்க் லிபர்ட்டியின் 2024 சீசன்

2024 அக்டோபர் 20, ஞாயிற்றுக்கிழமை இரவு, புரூக்ளினில் உள்ள பார்க்லேஸ் சென்டர் அரங்கில் 18,090 பேர் பார்த்திருக்க, நியூயார்க் லிபர்ட்டி மகளிர் கூடைப்பந்து அணி மினசோட்டா லிங்க்ஸ் அணியைக் கூடுதல் நேரத்தில் 67–62 என வென்று அமெரிக்காவின் மகளிர் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் கோப்பையைக் கைப்பற்றியது. லீக் தொடங்கிய 1997 முதல் ஆடிவரும் அணிக்கு 28ஆவது சீசனில்தான் முதல் கோப்பை கிட்டியது. அந்த ஆட்டத்தின் ஸ்கோர் தாளைக் கையில் எடுப்பவருக்கு ஒரு பெரிய ஐயம் எழும். அணியின் முதன்மை எறிவீரரான சப்ரினா யொனெஸ்கு 19 முறை கூடையை நோக்கி எறிந்து ஒரே ஒரு முறைதான் பந்தை உள்ளே சேர்த்தார். இருமுறை லீக்கின் மிகச் சிறந்த வீராங்கனை விருதைப் பெற்ற பிரியானா ஸ்டூவர்ட் 15 எறிதல்களில் நான்கை மட்டுமே சேர்த்தார். இருவரும் சேர்ந்து 34 முயற்சிகளில் ஐந்து கூடைகள். இறுதிச் சுற்றின் ஐந்தாவது, கடைசி ஆட்டத்தில் இரண்டு பெரிய வீராங்கனைகள் இப்படித் தவறிய பிறகும் ஓர் அணி எப்படி வென்றது?

அந்த ஒற்றை இரவை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. ஐந்தாண்டுகளாக அந்த அணி எவ்வாறு கட்டப்பட்டது, அந்தச் செப்டம்பரில் அதன் பயிற்சியாளர் தொடக்க ஐவரில் என்ன மாற்றம் செய்தார் என்பவற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் 67–62 என்ற ஸ்கோர் புரியும். லிபர்ட்டியின் கோப்பையை நட்சத்திரங்களின் கோப்பையாகப் பேசுவதே வழக்கமாகிவிட்டது. நட்சத்திரங்கள் அந்த அணியை இறுதிச் சுற்றின் வாசல்வரை கொண்டுவந்தார்கள். வாசலைத் தாண்ட வைத்தவர்கள் பெரும்பாலான ரசிகர்கள் அந்த ஆண்டுதான் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் என்பதே என் கருத்து.

இருபத்தேழு ஆண்டுகளின் பாரம்

டபிள்யூ.என்.பி.ஏ. லீக்கின் முதல் ஆட்டமே லிபர்ட்டி ஆடியதுதான். 1997 ஜூன் 21 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்பார்க்ஸ் அணியை அதன் சொந்த அரங்கிலேயே 67–57 என வீழ்த்தியது. அன்று எட்டு அணிகளோடு தொடங்கிய லீக்கில் ஹூஸ்டன், சார்லட், கிளீவ்லாந்து, சாக்ரமெண்டோ ஆகிய நான்கு நகரங்களின் அணிகள் பின்னாளில் கலைக்கப்பட்டன. யூட்டா அணி இரண்டு ஊர்கள் மாறி இன்று லாஸ் வேகாஸ் ஏசஸ் என்ற பெயரில் ஆடுகிறது. நிலைத்து நின்ற பழைய அணிகளில் 2024வரை கோப்பையே காணாதிருந்தது லிபர்ட்டி மட்டும்தான். முயற்சிக்குக் குறைவில்லை. 1997, 1999, 2000 ஆகிய மூன்று ஆண்டுகளில் இறுதிக்கு வந்து மூன்று முறையும் ஹூஸ்டன் காமெட்ஸ் அணியிடம் தோற்றது. 2002இல் லாஸ் ஏஞ்சல்ஸிடம் தோற்றது. 1999 இறுதிச் சுற்றின் இரண்டாம் ஆட்டத்தில், ஹூஸ்டன் ரசிகர்கள் வெற்றியைக் கொண்டாடத் தொடங்கிவிட்ட நேரத்தில், தெரேசா வெதர்ஸ்பூன் மைதானத்தின் பாதிக்கு அப்பாலிருந்து எறிந்த பந்து கூடையில் விழுந்து லிபர்ட்டியை 68–67 என வெல்ல வைத்தது. மறுநாள் ஆட்டத்தில் லிபர்ட்டி தோற்றதால், லீக்கின் புகழ்பெற்ற அந்தக் கூடை கோப்பையில்லாத கூடையாகவே நின்றுபோனது.

அதற்குப் பிந்தைய சரிவு ஆடுகளத்தில் மட்டும் நிகழவில்லை. 2017 நவம்பரில் அப்போதைய உரிமையாளர்கள் அணியை விற்பனைக்கு அறிவித்துவிட்டு, 2018 சீசனில் அதை மேடிசன் ஸ்கொயர் கார்டனிலிருந்து வெளியேற்றி, நகருக்கு வடக்கே ஒயிட் பிளெய்ன்ஸ் என்னும் ஊரில், சில ஆயிரம் பேர் மட்டும் அமரக்கூடிய ஒரு பழைய மண்டபத்தில் ஆட வைத்தார்கள். நியூயார்க் என்ற பெயரைத் தாங்கிய அணிக்கு நியூயார்க் நகரத்தில் இடமில்லை. அந்த ஆண்டு 34 ஆட்டங்களில் ஏழில்தான் வென்றது. இப்படிப்பட்ட நிலையில் பல மகளிர் அணிகள் கலைக்கப்பட்டிருக்கின்றன என்பதை நினைத்துப் பார்த்தால், 2019 ஜனவரியில் ஜோ சாய், கிளாரா வூ சாய் தம்பதியர் அணியை வாங்கியது எவ்வளவு பெரிய திருப்பம் என்பது விளங்கும். புரூக்ளின் நெட்ஸ் ஆண்கள் அணியின் உரிமையாளர்களான அவர்கள், லிபர்ட்டியையும் நெட்ஸ் ஆடும் பார்க்லேஸ் சென்டருக்கே கொண்டுவந்தார்கள்.

உடனே எல்லாம் மாறிவிடவில்லை. 2020இல் கல்லூரி ஆட்டத்தின் மிகப் பெரிய பெயரான யொனெஸ்குவை, அணிகள் புதிய வீராங்கனைகளை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வில் முதலாவதாக எடுத்தது லிபர்ட்டி. பெருந்தொற்றின் காரணமாக அந்தச் சீசன் முழுவதும் ஃபுளோரிடாவில் மூடிய வளாகத்தில் நடந்தது. தன் மூன்றாவது ஆட்டத்திலேயே யொனெஸ்கு கணுக்காலில் காயமடைந்தார். அணி 22 ஆட்டங்களில் இரண்டில் மட்டும் வென்று கடைசி இடத்தில் முடித்தது. அந்த 2–20 என்ற கணக்கிலிருந்து கோப்பைக்கு நான்கே ஆண்டுகள்.

விமானமும் சம்பள வரம்பும்

இந்த நான்காண்டு ஏற்றத்தைப் புரிந்துகொள்ள, லீக்கின் பொருளாதாரத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஆட்டத்தைப் பற்றிய செய்திகளில் அதிகம் விடுபட்டுப்போகும் பகுதி இதுதான்.

டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் பல ஆண்டுகளாகப் பொதுப் பயணிகள் விமானத்தில்தான் ஊர் ஊராகப் பறந்தன. ஆறரை அடி உயரமுள்ள வீராங்கனை இரவு ஆட்டத்தை முடித்துவிட்டு, அதிகாலை விமானத்தைப் பிடித்து, இணைப்பு விமானத்துக்காகக் காத்திருந்து, அடுத்த ஊரில் மறுநாள் ஆடுவது வழக்கமாக இருந்தது. தனி விமானம் அமர்த்துவதற்கு உரிமையாளரிடம் பணம் இருந்தாலும் லீக் அனுமதிக்கவில்லை. பணக்கார உரிமையாளர் தன் அணிக்கு அதிக ஓய்வு வாங்கிக் கொடுத்தால் மற்ற அணிகளுக்கு அது அநீதி என்பது லீக் சொன்ன காரணம். 2021 சீசனின் பிற்பாதியில் லிபர்ட்டி அந்த விதியை மீறித் தன் வீராங்கனைகளைத் தனி விமானத்தில் அனுப்பியது. லீக் அதற்கு 5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. விதியை மீறியது தவறு என்பதில் ஐயமில்லை. ஆனால், ஓர் அணி தன் வீராங்கனைகளுக்கு ஓய்வு கொடுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டது என்ற செய்தி, தண்டனையைவிட விதியின் மீதே அதிக வெளிச்சத்தைப் பாய்ச்சியது. 2024 சீசனின் தொடக்கத்தில் லீக் நிர்வாகமே இரண்டு ஆண்டுகளுக்குச் சுமார் 5 கோடி டாலர் செலவிட்டு எல்லா அணிகளுக்கும் தனி விமானம் ஏற்பாடு செய்தது. அந்த மாற்றத்தை லிபர்ட்டி மட்டும் கொண்டுவரவில்லை. ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்த வீராங்கனைகள் சங்கத்துக்கே முதல் பெருமை சேரும்.

அந்தக் குரல்களில் உரத்தது ஸ்டூவர்ட்டுடையது. 2023 ஜனவரியில் எந்த அணியிலும் சேரும் சுதந்திரம் அவருக்கு இருந்தபோது, விமானப் பயணத்துக்கு ஆகும் செலவில் தன் விளம்பர வருமானத்திலிருந்து ஒரு பங்கைத் தரத் தயார் என்று பொதுவெளியில் அறிவித்தார். அப்போது துருக்கியில் ஆடிக்கொண்டிருந்த அவரைச் சந்திக்க லிபர்ட்டியின் நிர்வாகிகள் இஸ்தான்புல்லுக்கே சென்றார்கள். சியாட்டில் அணியுடன் இரண்டு கோப்பைகள் வென்றிருந்த அவர், தான் பிறந்த நியூயார்க் மாநிலத்தின் அணியைத் தேர்ந்தெடுத்தார். அதே மாதத்தில் 2021இன் சிறந்த வீராங்கனையான ஜான்குவெல் ஜோன்ஸை வீரர் பரிமாற்றத்தின் மூலம் கனெக்டிகட்டிலிருந்து பொது மேலாளர் ஜொனாதன் கோல்ப் பெற்றிருந்தார். ஸ்டூவர்ட்டைத் தொடர்ந்து, லீக்கின் தலைசிறந்த பந்துப் பகிர்வாளர்களில் ஒருவரான கோர்ட்னி வாண்டர்ஸ்லூட்டும் சிகாகோவிலிருந்து வந்து சேர்ந்தார்.

இங்கேதான் சம்பள வரம்பு குறுக்கே வருகிறது. 2024இல் ஓர் அணி தன் வீராங்கனைகள் அனைவருக்கும் சேர்த்துச் செலவிடக்கூடிய தொகை சுமார் 14.6 லட்சம் டாலர் மட்டுமே. ஒரு வீராங்கனைக்குத் தரக்கூடிய உச்சத் தொகை சுமார் 2.42 லட்சம் டாலர். உரிமையாளர் எவ்வளவு பெரிய செல்வந்தராக இருந்தாலும் இந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. மூன்று நான்கு பெரிய பெயர்களுக்கு உச்சத் தொகையைக் கொடுத்துவிட்டால் மற்ற எட்டுப் பேருக்கு மிஞ்சுவது சொற்பம். ஸ்டூவர்ட் 2023இல் தனக்குக் கிடைக்கக்கூடிய உச்சத் தொகையைவிடக் குறைவாக, 1.75 லட்சம் டாலருக்கு ஒப்புக்கொண்டதால்தான் அந்தக் கணக்கு சற்றுத் தளர்ந்தது. அதன் பிறகும், நட்சத்திரங்களுக்குப் பின்னால் நிற்கும் வரிசையை விலைக்கு வாங்க வழியில்லை. குறைந்த ஊதியத்தில் இருக்கும் இளம் வீராங்கனைகளைக் கண்டெடுத்துப் பொறுமையாகக் காத்திருப்பது ஒன்றே வழி. லிபர்ட்டி அப்படிக் காத்திருந்தது இரண்டு ஜெர்மானியப் பெண்களுக்காக.

ஒருவர் நியாரா சபாலி. 2022 தேர்வில் ஐந்தாவதாக எடுக்கப்பட்ட அவர், முழங்கால் காயத்தால் அந்த ஆண்டு முழுவதும் ஆடவில்லை. இன்னொருவர் லியோனி ஃபீபிஷ். 2020 தேர்வில் இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டு, அமெரிக்காவுக்கு வராமலேயே கைமாறி, லிபர்ட்டியின் கணக்கில் வந்து சேர்ந்த அவர், ஸ்பெயின் லீக்கில் ஆடித் தேர்ந்த பின்னர் 2024இல்தான் நியூயார்க்கில் அடியெடுத்து வைத்தார்.

2023இன் தோல்வி விட்டுச்சென்ற கேள்வி

புதிதாகச் சேர்ந்த நட்சத்திரங்களோடு 2023இல் லிபர்ட்டி 40 ஆட்டங்களில் 32இல் வென்றது. இறுதிச் சுற்றில் லாஸ் வேகாஸ் ஏசஸ் முதல் இரண்டு ஆட்டங்களையும் பெரிய வித்தியாசத்தில் எடுத்துக்கொண்டது. மூன்றாவது ஆட்டத்தை லிபர்ட்டி வென்றது. அதில் ஏசஸின் தொடக்க ஐவரில் இருவர், செல்சி கிரேயும் கியா ஸ்டோக்ஸும், காயமடைந்தார்கள். நான்காவது ஆட்டம் புரூக்ளினில். தொடக்க ஐவரில் இருவர் இல்லாத எதிரணியிடம், சொந்த அரங்கில், 70–69 என்று லிபர்ட்டி தோற்றது. கடைசி எறிதல் கூடையில் விழவில்லை.

பெயர்களை வைத்துப் பார்த்தால் லிபர்ட்டி அந்த ஆட்டத்தில் தோற்றிருக்கக் கூடாது. ஆனால், ஏசஸின் மாற்று வீராங்கனைகள் எழுந்து நின்ற அளவுக்கு லிபர்ட்டியின் மாற்று வீராங்கனைகள் எழவில்லை. தடுப்பாட்டத்திலும் ஒரு குறை இருந்தது. வாண்டர்ஸ்லூட் ஐந்தடி எட்டு அங்குலம். யொனெஸ்கு ஐந்தடி பதினொரு அங்குலம். இருவரும் ஒரே நேரத்தில் களத்தில் இருக்கும்போது, எதிரணி திரை அமைத்து (தடுப்பவரின் வழியை உடலால் மறித்து) தன் வலுவான வீராங்கனையை இவர்களில் ஒருவர் எதிரே நிறுத்திவிடும். பந்தைப் பகிர்வதில் வாண்டர்ஸ்லூட் காட்டிய அறிவு ஈடு இணையற்றது. அதற்காகத் தடுப்பில் கொடுக்க வேண்டியிருந்த விலையும் சிறிதல்ல.

2024 சீசனில் லிபர்ட்டி மறுபடியும் 32–8 என்ற அதே கணக்கோடு முதலிடத்தில் முடித்தது. எண்கள் ஒன்றானாலும் அவற்றின் உள்ளடக்கம் வேறு. எதிரணியின் சிறந்த வெளிவட்ட வீராங்கனையைத் தடுப்பவரான பெட்னைஜா லேனி-ஹாமில்டன் முழங்கால் சிகிச்சையால் கோடையில் பல வாரங்கள் விலகியிருந்தார். வாண்டர்ஸ்லூட் தாயை இழந்து சில ஆட்டங்களைத் தவறவிட்டார். அந்த இடைவெளிகளில் ஆடியவர் ஃபீபிஷ். ஆறடி நான்கு அங்குல உயரம், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து நிதானமான எறிதல், சிறிய காவலர்களையும் பெரிய முன்கள வீராங்கனைகளையும் மாறி மாறித் தடுக்கும் கால்கள். தொடக்க ஐவரில் இடம்பெறாத ஒரு வீராங்கனைக்கு வெற்றி பெறும் அணி ஒன்றில் இவ்வளவு ஆட்ட நேரம் கிடைப்பது அரிது. காயங்களும் துயரங்களும்தான் அந்த நேரத்தை அவருக்குத் தந்தன. கோப்பையைப் பற்றிப் பேசும்போது அந்த நீண்ட கோடையின் ஆட்டங்களை விட்டுவிடுகிறோம். உண்மையில் அக்டோபரின் அடித்தளம் அங்கேதான் போடப்பட்டது.

இடையில் பாரிஸ் ஒலிம்பிக்குக்காக லீக் ஏறத்தாழ நான்கு வாரங்கள் நின்றது. ஸ்டூவர்ட்டும் யொனெஸ்குவும் அமெரிக்காவுக்காகத் தங்கம் வென்றார்கள். ஃபீபிஷும் சபாலியும் ஜெர்மனிக்காகக் காலிறுதிவரை ஆடினார்கள். லிபர்ட்டியின் பயிற்சியாளர் சாண்டி பிரண்டெல்லோ ஆஸ்திரேலிய அணிக்கு வெண்கலம் பெற்றுத் தந்தார். லீக்கில் பலருக்கு ஓய்வுக்காலமாக இருந்த அந்த நாட்களிலும் லிபர்ட்டியின் முதுகெலும்பாக இருந்தவர்கள் ஆடிக்கொண்டேதான் இருந்தார்கள்.

ஒலிம்பிக்குக்கு முன்பே ஓர் எச்சரிக்கை மணி ஒலித்திருந்தது. ஜூன் 25 அன்று நடந்த, சீசனுக்கு நடுவே ஆடப்படும் கமிஷனர்ஸ் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் மினசோட்டா லிங்க்ஸ் 94–89 என்று லிபர்ட்டியை வென்றது. பெரும்பாலோர் ஏசஸ் அணியையே லிபர்ட்டியின் எதிரியாகக் கருதிக்கொண்டிருந்த நேரம் அது. செரில் ரீவ் பயிற்றுவித்த லிங்க்ஸில் நஃபீசா காலியர் ஒருவரைத் தவிர உலகறிந்த நட்சத்திரம் யாரும் இல்லை. ஆனால் ஐவரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல நகர்ந்து தடுக்கும் அணி அது. அந்தச் சீசனில் காலியர் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதையும், ரீவ் சிறந்த பயிற்சியாளர் விருதையும் பெற்றார்கள்.

செப்டம்பரில் எடுத்த முடிவு

கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்றுகளான பிளே-ஆஃப் தொடங்கிய செப்டம்பர் 22 அன்று, அட்லாண்டாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில், பிரண்டெல்லோ தொடக்க ஐவரிலிருந்து வாண்டர்ஸ்லூட்டை எடுத்துவிட்டு ஃபீபிஷைச் சேர்த்தார். இதன் கனத்தை எளிதாகக் கடந்துவிடக் கூடாது. சிகாகோவுக்குக் கோப்பை வென்று தந்த, லீக் வரலாற்றிலேயே அதிக அசிஸ்ட்கள் (கூடைக்கு வழிவகுக்கும் பந்துப் பகிர்வுகள்) எடுத்த மூவரில் ஒருவரான மூத்த வீராங்கனையை, மிக முக்கியமான மாதத்தில், முதலாண்டு வீராங்கனைக்காக உட்கார வைப்பது அணிக்குள் கசப்பை விளைவிக்கக் கூடிய முடிவு. வாண்டர்ஸ்லூட் அதை ஏற்று மாற்று வீராங்கனையாகத் தொடர்ந்து ஆடினார். அந்தக் கோப்பையில் அவருக்கு உரிய பங்கு இருக்கிறது என்றால், அதில் பெரும்பகுதி இந்தப் பெருந்தன்மைக்குச் சேர வேண்டும்.

அன்று ஃபீபிஷ் எட்டு எறிதல்களில் ஏழைச் சேர்த்து 21 புள்ளிகள் எடுத்தார். புள்ளிகளைவிட முக்கியமானது அணியின் உருவம் மாறியது. இப்போது லிபர்ட்டியின் ஐவரில் யொனெஸ்கு ஒருவர்தான் ஆறடிக்குக் குறைந்தவர். லேனி-ஹாமில்டன் ஆறடி, ஃபீபிஷும் ஸ்டூவர்ட்டும் ஆறடி நான்கு, ஜோன்ஸ் ஆறடி ஆறு. எதிரணி திரை அமைத்தால் தடுப்பவர்கள் தயங்காமல் ஆளை மாற்றிக்கொள்ளலாம். யார் யாரிடம் மாட்டினாலும் பெரிய இழப்பில்லை. தவறிய எறிதல்கள் வளையத்தில் பட்டு வெளியே வரும்போது அவற்றைப் பிடிக்க நீண்ட கைகள் அதிகம். பந்தைக் கொண்டுவரும் பொறுப்பு முழுக்க யொனெஸ்குவின் தோளில் விழுந்தது என்பது இதன் மறுபக்கம். அந்தச் சுமையின் களைப்பு பின்னர் தெரிந்தது.

அட்லாண்டாவை 2–0 எனக் கடந்தபின், அரையிறுதியில் ஏசஸ். முந்தைய இரண்டு ஆண்டுகளின் சாம்பியன். அந்த ஆண்டு வாக்களித்த அனைவராலும் ஒருமனதாகச் சிறந்த வீராங்கனையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அய்ஜா வில்சன் அந்த அணியில். லிபர்ட்டி 3–1 என வென்றது. முதல் ஆட்டத்தில் ஸ்டூவர்ட் 34 புள்ளிகள் எடுத்தது தலைப்புச் செய்தியானது. எனக்கு அதைவிடப் பொருள் பொதிந்ததாகத் தோன்றுவது நான்காவது ஆட்டம்: லாஸ் வேகாஸிலேயே ஏசஸை 62 புள்ளிகளுக்குள் அடக்கி 76–62 என முடித்த தடுப்பாட்டம். ஓராண்டுக்கு முன் இதே அணியிடம் ஒரே ஆட்டத்தில் 104 புள்ளிகள் விட்டுக்கொடுத்த லிபர்ட்டி அல்ல அது.

ஐந்து ஆட்டங்கள்

இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தை லிபர்ட்டி வென்றுவிட்டதாகவே அரங்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஒரு கட்டத்தில் 18 புள்ளிகள் முன்னிலை. நான்காம் கால்பகுதியின் பாதியிலும் 15 புள்ளிகள் முன்னிலை. அங்கிருந்து லிங்க்ஸ் ஏறி வந்தது. ஐந்து விநாடிகளே மீதமிருக்கையில் லிங்க்ஸின் கோர்ட்னி வில்லியம்ஸ் ஃபவுலுக்கு (விதிமீறிய தடுப்புக்கு) ஆளாகியும் மூன்று புள்ளிக் கூடையைச் சேர்த்து, அதற்காகக் கிடைத்த ஃப்ரீ த்ரோவையும் (தடுப்பாரின்றி எறியும் ஒரு புள்ளி வாய்ப்பையும்) சேர்த்து, லிங்க்ஸை ஒரு புள்ளி முன்னே கொண்டுவந்தார். கடைசி விநாடிக்குள் ஸ்டூவர்ட்டுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோக்கள் கிடைத்தன. முதலாவது உள்ளே போனது. வெற்றியைத் தரவேண்டிய இரண்டாவது தவறியது. கூடுதல் நேரத்தில் காலியரின் கூடை 95–93 என்று ஆக்க, ஆட்டத்தின் கடைசி முயற்சியாக ஸ்டூவர்ட் கூடைக்கு அருகிலிருந்து போட்ட பந்தும் உள்ளே போகவில்லை.

இரண்டாம் ஆட்டத்தில் லிபர்ட்டி 80–66 என வென்றது. அதில் ஸ்டூவர்ட் எதிரணியிடமிருந்து ஏழு முறை பந்தைப் பறித்தார். மினியாபோலிஸில் நடந்த மூன்றாம் ஆட்டத்தில் 15 புள்ளிகள் பின்தங்கியிருந்த லிபர்ட்டியை அவரது 30 புள்ளிகள் மீட்டன. 77–77 என்று நின்ற ஆட்டத்தை, 28 அடி தூரத்திலிருந்து, ஒரு விநாடி மீதமிருக்க யொனெஸ்கு எறிந்த மூன்று புள்ளிக் கூடை முடித்து வைத்தது. நான்காம் ஆட்டத்தில் இரண்டு விநாடிகள் இருக்கையில் பிரிட்ஜெட் கார்ல்டன் சேர்த்த இரண்டு ஃப்ரீ த்ரோக்களால் லிங்க்ஸ் 82–80 என வென்றது. ஐந்தாவது ஆட்டம் இல்லாமல் முடிக்க முடியாத அளவுக்கு இரு அணிகளும் சமமாக இருந்தன.

அந்த ஐந்தாவது ஆட்டத்தின் முதல் பாதியில் லிங்க்ஸ் 12 புள்ளிகள்வரை முன்னே போனது. யொனெஸ்குவின் எறிதல்கள் குட்டையாகவே விழுந்துகொண்டிருந்தன. கால்களில் களைப்பு ஏறிய எறிவீரருக்கு முதலில் குறைவது தூரம்தான். லிங்க்ஸின் தடுப்பு அவரை ஒரு கணமும் தனியே விடவில்லை. இந்த நிலையில் பிரண்டெல்லோ சபாலியைக் களமிறக்கினார். முந்தைய ஆட்டங்களில் அதிக நேரம் ஆடாத சபாலி, கூடைக்கு அடியில் உடலை வைத்து இடம்பிடித்து, தவறிய பந்துகளைப் பொறுக்கி, எதிரணியைத் தன்னைப் பிடித்து நிறுத்த வைத்தார். ஆட்டத்தின் முடிவில் அவர் கணக்கில் 13 புள்ளிகளும் ஏழு ரீபவுண்ட்களும் (தவறிய எறிதலைக் கைப்பற்றுவது) இருந்தன. அழகாகப் படம்பிடிக்கக் கூடிய ஆட்டம் அல்ல அது. ஆனால் எறிதல் கைகொடுக்காத அணிக்கு வேறு வழியும் இல்லை. வெளியிலிருந்து பந்து விழாவிட்டால், உள்ளே புகுந்து ஃப்ரீ த்ரோக்களைச் சம்பாதிக்க வேண்டும். தவறிய பந்தை மறுபடி கைப்பற்ற வேண்டும். மறுமுனையில் எதிரணியும் எறிய முடியாமல் செய்ய வேண்டும். ஸ்டூவர்ட் எறிவதில் தோற்ற அந்த இரவில் 15 ரீபவுண்ட்கள் பிடித்தார். யொனெஸ்கு ஐந்து புள்ளிகள் மட்டுமே எடுத்தாலும் எட்டு அசிஸ்ட்கள் கொடுத்தார். தங்கள் முதன்மைத் திறன் கைவிட்ட பிறகும் அவர்கள் ஆட்டத்திலிருந்து விலகிவிடவில்லை என்பதை அந்த எண்கள் காட்டுகின்றன.

60–58 என லிங்க்ஸ் முன்னே இருக்க, 5.2 விநாடிகள் மீதமிருந்தபோது ஸ்டூவர்ட் கூடையை நோக்கிப் பாய்ந்தார். அலானா ஸ்மித் அவரைத் தடுத்ததில் ஃபவுல் என்று நடுவர் ஊதினார். ரீவ் அதை மறுபரிசீலனை செய்யக் கோரினார். காணொளியைப் பார்த்த நடுவர்கள் தங்கள் தீர்ப்பை உறுதிசெய்தார்கள். பத்து நாட்களுக்கு முன் இதே அரங்கில், இதே கோட்டில் நின்று ஆட்டத்தைத் தவறவிட்ட ஸ்டூவர்ட், இரண்டையும் சேர்த்தார். 60–60.

கூடுதல் நேரத்தின் தொடக்கத்தில் ஃபீபிஷ் மூன்று புள்ளிக் கூடை ஒன்றைப் போட்டார். அடுத்து சபாலி பந்தைப் பறித்துத் தனியே ஓடிக் கூடையில் சேர்த்தார். 65–60. ஐந்து நிமிடக் கூடுதல் நேரத்தில் லிங்க்ஸுக்குக் கிடைத்தவை கேலா மெக்பிரைடின் இரண்டு ஃப்ரீ த்ரோக்கள் மட்டுமே. காலியர் 22, மெக்பிரைட் 21 புள்ளிகள் எடுத்தும் பலிக்கவில்லை. லிபர்ட்டியின் பக்கத்தில் அதிகபட்சம் ஜோன்ஸின் 17. ஃபீபிஷ், சபாலி, ஸ்டூவர்ட் ஆகியோர் தலா 13. இறுதிச் சுற்றின் சிறந்த வீராங்கனை விருது ஜோன்ஸுக்குக் கிடைத்தது. பஹாமாஸின் ஃப்ரீபோர்ட் நகரில் பிறந்து, கூடைப்பந்துக்காகப் பதின்பருவத்திலேயே குடும்பத்தைப் பிரிந்து அமெரிக்கா வந்த அவர், அதற்குமுன் கனெக்டிகட்டுக்காக இருமுறையும் லிபர்ட்டிக்காக ஒருமுறையும் இறுதிச் சுற்றில் தோற்றவர்.

அந்த ஃபவுல் பற்றி

இந்தக் கோப்பையைப் பற்றி எழுதுபவர் அந்த 5.2 விநாடித் தீர்ப்பைத் தவிர்த்துவிட்டுப் போவது நேர்மையாகாது. ஆட்டத்துக்குப் பின் ரீவ், கோப்பை தங்களிடமிருந்து திருடப்பட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஆட்டத்தில் லிபர்ட்டிக்கு 25 ஃப்ரீ த்ரோக்களும் லிங்க்ஸுக்கு எட்டும் கிடைத்தன என்பது அவர் கோபத்துக்கு வலுச் சேர்த்தது. தீர்ப்பளித்த அதே நடுவர்கள் தம் தீர்ப்பைத் தாமே மறுபரிசீலனை செய்வது சரியல்ல, வெளியிலிருந்து மூன்றாவது ஒருவர் பார்க்க வேண்டும் என்றும் வாதிட்டார்.

ஸ்மித்தின் மீது சொல்லப்பட்ட தொடுதல் மிக இலேசானது. கோப்பையை முடிவுசெய்யும் விநாடிகளில் அப்படியொன்றுக்கு ஊதாமல் விட்டிருக்கலாம் என்றே நானும் நினைக்கிறேன். மறுபரிசீலனையைப் பற்றிய ரீவின் வாதம் முற்றிலும் நியாயமானது. அதே சமயம் ஃப்ரீ த்ரோக்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பாரபட்சம் என்று சொல்வதற்கில்லை. ஒரு பக்கம் உயரமான மூவர் கூடைக்கு அடியில் ஓயாமல் முட்டிக்கொண்டிருக்க, மறுபக்கம் வெளியிலிருந்து எறிவதையே பெரிதும் நம்பும் அணி ஆடினால் இந்த எண்கள் சமமாக இருக்க வாய்ப்பு குறைவு. தீர்ப்பு லிபர்ட்டிக்குத் தந்தது சமநிலையை மட்டும்தான். அதன்பின் ஐந்து நிமிடங்கள் இருந்தன; அந்த ஐந்து நிமிடங்களில் லிங்க்ஸால் களத்திலிருந்து ஒரு கூடையும் சேர்க்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு காட்டியது

அக்டோபர் 24 அன்று மன்ஹாட்டனின் தென்முனையில், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே, லிபர்ட்டிக்கு வெற்றி ஊர்வலம் நடந்தது. கோப்பை வென்ற மறுநாளே, அக்டோபர் 21 அன்று, வீராங்கனைகள் சங்கம் லீக்குடனான ஊதிய ஒப்பந்தத்திலிருந்து முன்கூட்டியே விலகுவதாக அறிவித்திருந்தது. அந்த ஆண்டு கோடையில் லீக்குக்கு 11 ஆண்டுகளில் ஏறத்தாழ 220 கோடி டாலர் தரும் ஒளிபரப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்த நிலையில், ஓர் அணிக்கே 14.6 லட்சம் டாலர் என்ற வரம்பு இனி நிற்காது என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது.

லிபர்ட்டியின் கோப்பையில் நட்சத்திரங்களுக்குப் பின்னால் நின்றவர்களின் பங்கு எவ்வளவு என்பதற்கு மிகத் தெளிவான சான்று 2025இல் கிடைத்தது. புதிதாகச் சேர்ந்த கோல்டன் ஸ்டேட் வால்கிரீஸ் அணி, புதிய அணி மற்ற அணிகளிலிருந்து வீராங்கனைகளை எடுத்துக்கொள்ளும் விரிவாக்கத் தேர்வில் லிபர்ட்டியின் நம்பகமான மாற்று வீராங்கனையான கேலா தார்ன்டனை எடுத்துக்கொண்டது. அவர் அங்கே போய், லீக்கின் சிறந்தவர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கே தேர்வானார். வாண்டர்ஸ்லூட் சிகாகோவுக்குத் திரும்பினார். லேனி-ஹாமில்டன் முழங்கால் காயத்தால் சீசன் முழுவதையும் இழந்தார். சபாலியின் முழங்காலும் மறுபடி தொல்லை கொடுத்தது. ஸ்டூவர்ட், யொனெஸ்கு, ஜோன்ஸ் மூவரும் அணியில் இருந்தார்கள். தொடர்ந்து ஒன்பது வெற்றிகளோடு தொடங்கிய அந்த அணி, அந்த மூவரில் ஒருவர் மாற்றி ஒருவர் காயமடைந்தபோது தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல் 27–17 என்று முடித்து, பிளே-ஆஃபின் முதல் சுற்றிலேயே ஃபீனிக்ஸ் அணியிடம் 2–1 எனத் தோற்றது. அதன்பின் பிரண்டெல்லோவின் ஒப்பந்தத்தை லிபர்ட்டி நிர்வாகம் புதுப்பிக்கவில்லை.